நூற்றுப் பதினெட்டு கிலோ

பின் இருக்கையைத்தான் முதலில் தூக்கி வந்தாள் நெலிடா.
கம்பளிப் பொதி நிறுக்கும் என் தராசில் சாய்த்துவைத்து
"எவ்வளவு?" என்றாள்.
பதினெட்டரை.
நோட்டில் எழுதிக்கொண்டாள், வட்டிக்காரி மாதிரி.

பட்டகோனியாவில் பெட்ரோல் பங்க் என்பது
ஒரு வதந்தி.
போய்ச் சேர்ந்தால் உண்டு,
சில நாள் சேர்ந்தாலும் இல்லை.
பண்ணை பண்ணையாய்ப் போய்
ஆட்டுக்குத் தடுப்பூசி போடுகிறவளின் பயணப்படி
மார்ச்சில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.
விலைக்குத்தான் கால் முளைத்திருக்கிறது.

அடுத்த வாரம் தரைவிரிப்பு, ஆறு கிலோ.
அதில் ஒரு கிலோ மணல் என்றேன். சிரிக்கவில்லை.
ரேடியோ. அதன் இரண்டு ஸ்பீக்கர்கள். கூரைக் கம்பிகள்.
முன்னாள் கணவன் எமிலியானோ விட்டுப்போன
ஸ்பானர் பெட்டி, பதினொன்று இருநூறு.
"இத்தனை வருஷமா இதையும் இழுத்திருக்கேன்"
என்று வாசலிலேயே போட்டுவிட்டுப் போனாள்.
இன்னும் அங்கேதான் கிடக்கிறது.
கதவின் உள்தட்டைக் கழற்றியபோது
ஒரு சீப்பு, சூயிங்கம்,
செல்லாமல் போன நாணயங்கள் ஒரு கைப்பிடி.
அவற்றையும் நிறுத்தோம்.
செல்லுபடியான நாளில்
அரைத் தொட்டி நிரம்பியிருக்கும்.

கடைசியில் தன் பக்கத்து இருக்கை.
நான்கு போல்ட்டுகளை ஜாம் பாட்டிலில் போட்டு
என் அலமாரியில் வைக்கச் சொன்னாள்.
ஸ்டெப்னியை மட்டும் தொடவில்லை,
அவ்வளவு பைத்தியமில்லை அவள்.

நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் குடித்த வண்டி
ஏழரைக்கு இறங்கிற்று.
அன்று எனக்கு ஓர் ஆரஞ்சு தந்தாள்.
உரிக்குமுன் தராசில் வைத்துப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.

நான் நூற்றுப் பதினெட்டு கிலோ.
ரகசியமில்லை. காலையில் முதல் ஆளாய் ஏறி நின்று
தராசு பொய் சொல்கிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான்.
சனிக்கிழமை டவுனுக்குப் போக இடம் கேட்டால்
காற்றில் விரலால் கணக்குப் போடுவாள்:
"ரூஃபினோ, போக வர நீ ஒரு லிட்டர்."
கெட்ட எண்ணமில்லை.
வெறும் வகுத்தல்.

அக்டோபரில் காற்று வந்தது.
வந்தது என்பது மரியாதைச் சொல்.
தகரங்கள் ஊர் மாறின.
கோழி ஒன்று பக்கவாட்டில் நடந்து போனது.
ஏரி வளைவில் அவளுடைய பழைய ரெனோ
கொதிக்கும் பானையின் மூடிபோல ஒரு நொடி கிளம்பி
எதிர்ப்பக்கச் சரளையில் போய் உட்கார்ந்ததாம்.
அவளே சொன்னாள்,
ஸ்டியரிங் பிடித்த வாக்கிலேயே
கைகளை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு.
டிக்கியில் நாலு பாறாங்கல்.
வழியில் பொறுக்கியது.
அதையும் நிறுக்கவா என்று கேட்டேன்.
முறைத்தாள்.

திங்கள் விடியுமுன் ஹாரன்.
கற்களை என் வாசலில் இறக்கிக்கொண்டிருந்தாள்.
"கல்லு உருளுது. நீ உருள மாட்டே. ஏறு."

ஜாம் பாட்டிலைக் கவிழ்த்தோம். மூன்று போல்ட்.
நான்காவதைத் தரையெல்லாம் தேடினாள்.
அது மே மாதத்திலிருந்து
என் தராசின் கொக்கியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
நானும் கூடவே தேடினேன்.

மடியில் தடுப்பூசிப் பெட்டி,
ஐஸ் தொடைக்குள் இறங்க,
மூன்று காலில் இருக்கை கிரீச்சிட,
இருநூறு கிலோமீட்டர்.
காற்று அறைந்த இடத்திலெல்லாம்
சாலையை விட்டு ஒரு கணம் என் பக்கம் பார்த்தாள்,
இருக்கிறேனா என்று.

மாலையில் பெட்ரோல் முள்ளைக் குனிந்து பார்த்து
நோட்டை எடுத்தாள்.
எழுதினாள். அடித்தாள்.
மதியம் ஒரு பண்ணையில் எனக்கு
ஆட்டுக்கறி இரண்டு தட்டு போட்டிருந்தார்கள்.
"இப்ப எவ்வளவு இருப்பே?"
"நூற்றிருபது."
பென்சிலைக் காதில் செருகினாள்.
"நாளைக்கும் காத்துதானாம்."